பெப்பர்மின்ட் கொஞ்சம் ஜாஸ்தி

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் கணவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. இனிப்பு, புளிப்பு, காரம் தெரியும். வாசனை மட்டும் அறவே கிடையாது. "வரலாம், வராமலும் போகலாம்" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். இவரும் அதைப் பெரிதுபடுத்தாமல் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ரசத்தில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினாலும் முகத்தைச் சுளிக்கிற மனிதர், இப்போது எதைப் போட்டாலும் "நல்லாக்குது" என்றார். ஒரு நாள் பால் அடிப்பிடித்துவிட்டது. வேண்டுமென்றே அதிலேயே டீ போட்டுக் கொடுத்தேன். அதற்கும் "நல்லாக்குது" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அதன் பிறகு சமையலில் எனக்கு மனசு ஒட்டவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, மகள் போனில் பார்த்துவிட்டு சாக்லேட் பெப்பர்மின்ட் பார் வேண்டும் என்றாள். வீட்டில் ஓவன் இல்லை. குக்கரில் உப்பைக் கொட்டி, விசிலையும் கேஸ்கெட்டையும் கழற்றிவிட்டு, மைதாவும் கோகோவும் வெண்ணெயும் கலந்த மாவைச் சின்ன டின்னில் வேகவைத்தேன். ஆறியதும் மேலே பூச ஐசிங் சர்க்கரையையும் வெண்ணெயையும் குழைத்தேன். அதில் பெப்பர்மின்ட் எசென்ஸ் நாலு சொட்டு விட வேண்டும். புட்டியைச் சாய்த்தேன், சொட்டு மூடி கழன்று விழுந்தது. எவ்வளவு கொட்டியது என்று எனக்கே தெரியாது. வீணாக்க மனமில்லாமல் அதையே பூசி, உருக்கிய சாக்லேட்டை மேலே ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் துண்டு போட்டேன். மகள் ஒரு வாய் கடித்தாள்.

"இன்னாம்மா இது, பல்லு வெளக்குற மாரி கீது!"

அவர் ஒரு துண்டை வாயில் போட்டார். "நல்லா..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"இன்னா போட்ட இதுல? சில்லுனு மூக்கு வரிக்கும் ஏறிக்கினு போவுது."

"பெப்பர்மின்ட்டு. வாசன தெரிதா உங்களுக்கு?"

"வாசன இல்ல. சில்லுனு மட்டும் தெரிது." இன்னொரு துண்டை எடுத்து, மென்றுகொண்டே யோசித்தார். "ஆனா கொஞ்சம் ஜாஸ்தி போட்டுட்ட."

நான் திரும்பி நின்று குக்கர் உப்பை டப்பாவில் அள்ளிப் போட்டேன். என் சமையலில் அவர் குறை சொல்லிப் பத்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.