தாய்மாமன் மாலை

தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் என்று தெரிந்த அன்றே ஒரு துண்டை முறுக்கி, வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாலை போட்டுப் பழக ஆரம்பித்தேன். எனக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடம். வலது கை, வலது கால், பாதிப் பேச்சு போய்விட்டன. மணவறைக்குப் போகும் முன் பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட வேண்டும். மூத்த மாமன் நான். லிங்கி ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலை லாரியை இருபத்தைந்து வருடம் ஓட்டியவனுக்கு ஒரு மாலையைத் தூக்க முடியாதா என்று ரோஷம்.

இடது கையால் வலது கையைத் தூக்கி, விரல்களில் துண்டைச் செருகுவேன். முதல் வாரம் முழுக்கத் துண்டு தரையில்தான் கிடந்தது. "அந்த நாற்காலிக்கு இன்னும் எத்தனை கல்யாணம் பண்ணி வைப்பீங்க?" என்று கேட்ட மனைவி, பிறகு தானே வந்து உட்கார்ந்து கழுத்தைக் காட்டினாள். ஒரு மாதத்தில் பத்துக்கு எட்டு முறை சரியாக விழுந்தது.

ராசா என்ற ஊரின் கோயில் மண்டபத்தில் கல்யாணம். சொந்தக்காரர்கள் யாரும் என்னிடம் பேசவில்லை. என் தலைக்கு மேலே மனைவியிடம் பேசினார்கள். "அண்ணன் சோறு சாப்பிடுவாரா? நம்ம பேசறது அவருக்கு வெளங்குமா?" குழறுவது நாக்குதான், மூளை இல்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தால் எச்சில் முந்திக்கொள்கிறது.

ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டார். எழுந்தேன். தங்கச்சி ஓடி வந்து என் தோளை அழுத்தினாள்.

"அண்ணே, நீ உக்காருலா. தம்பி போடட்டும். மாலை கீழ விழுந்துட்டா மாப்பிள்ளை வீட்டுல சகுனம் அது இதுன்னு பேசுவாங்க."

பழகிவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. சரி என்று சொன்னதாக நினைத்து, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பாரோயிலிருந்து வந்த என் தம்பி மாலையைப் போட்டான். ஒரு நொடி வேலை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஸ்ட்ரோக் வந்தவங்க காரணமே இல்லாம அழுவாங்க என்று பின்னால் யாரோ யாருக்கோ விளக்கினார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் என் காலில் விழுந்தார்கள். அவளாவது வந்தாளே என்ற சந்தோஷத்தில் என் இடது கை தானாக அவள் தலைக்குப் போனது. மனைவி சட்டென்று அதைப் பிடித்து இறக்கினாள்.

"பீச்சாங்கைங்க," என்றாள் காதோரம்.

ஒரு மாதம் எனக்குக் கழுத்தைக் காட்டியவள் அவள். அந்தக் கையால்தான் இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். அவள் என் வலது கையைத் தூக்கி, தானே பெண்ணின் தலைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் நெகிழ்ந்துபோய்ப் படம் எடுத்தார்கள். என் கை அந்தத் தலைமேல் இருப்பதை நானும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கு எதுவும் தெரியவில்லை.