செபமாலையும் சூடான எஞ்சினும்

எஞ்சினைக் குளிர்விக்கும் மருந்தை விற்பது சுலபம்; வாங்கியவர் அதை என்ன செய்வார் என்று காத்திருப்பதுதான் பாடு. கடை நடத்தும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிரியத் தொழிலை விட்டு, வத்தேகமவில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்த எனக்கு வாடிக்கையாளராக வாய்த்தவர் செபமாலை. கண்டியில் மீன் எடுத்து, ரேடியேட்டர் வைத்த மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டங்களில் விற்பவர். ஏற்றத்தில் வண்டி நின்றால் மீன் நாறிவிடும். வீட்டில் அன்றைக்கு உலை ஏறாது.

மூடி

முதல் நாள் அவர் வந்தபோது ரேடியேட்டர் சீறிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் கலக்கும் மருந்தை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகப் போனார். திறந்திருந்தால் கொதிநீர் முகத்தில் அடித்திருக்கும். நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். செபமாலை மட்டும் நிதானமாகச் சொன்னார்: “அதுக்கும் மூச்சு முட்டுமில்லீங்களா, டீச்சரம்மா?”

செதில்

இரண்டு வாரம் கழித்து, மருந்து ஊற்றியும் சுடுகிறது என்று வந்து நின்றார். ஆறவிட்டு மூடியைத் திறந்தேன். கடல் வாடை. செந்நிறத் தண்ணீரில் ஒரு மீன் செதில், உடைந்த நிலாத்துண்டுபோல.

“ஐயோ, என்ன ஊத்தினீங்க?” என்றேன். உப்புத் தண்ணீர் எஞ்சினை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடுமே!

“மீன் பெட்டியில உருகுன ஐஸ் தண்ணிதான். அதவிடக் குளிர்ச்சி உங்க போத்தல்ல இருக்குங்களா?”

பச்சை

அன்றே ரேடியேட்டரைக் கழுவி, மருந்து கலந்த கூலன்ட்டை நிரப்பினேன். மிச்சத்தை, எங்கள் வீதியில் எல்லோரும் செய்வதுபோல, வெறும் கிரீம் சோடா போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். கூலன்ட்டும் அந்தச் சோடாவும் ஒரே பச்சை என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைச் செபம் சொல்லி மந்திரிக்கக் கோயில் பாதர் போயிருக்கிறார். செபமாலையின் மனைவி அந்தப் பச்சையைக் கிளாசில் ஊற்றி, தட்டில் வைத்து மரியாதையாக நீட்டியிருக்கிறார். உதட்டருகே போன கிளாசைச் செபமாலை பாய்ந்து தட்டிவிட்டாராம். அது விஷம், அதுவும் தித்திக்கும் விஷம்.

மறுநாள் செபமாலை கடைக்கு வந்து இதைச் சொன்னதும், ஒரு சொட்டாவது உள்ளே போனதா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்னார்: “பாதரு ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு: ‘அந்தக் கடைக்காரம்மா நம்ம வேதத்து ஆளா, இல்ல நம்ம மேல கோவமா?’”

வண்டி இப்போது சூடேறாமல் மலையேறுகிறது, மீனும் கெடாமல் விற்றுப்போகிறது என்கிறார். ஒரு எஞ்சினைக் குளிர்விக்கப் போய் ஒரு கோயிலுக்கே பாதர் இல்லாமல் செய்யப் பார்த்த என் வியாபாரத் திறமையை நீங்கள்தான் மெச்ச வேண்டும்.