குங்குமம் வைத்த ஸ்பேனர்

முதலில் ஏமாற்றியது திருப்புளி. வீட்டு ஸ்விட்ச் போர்டை மாட்டிக்கொண்டிருந்தேன், முனை ஸ்க்ரூவின் தலையில் உட்காராமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பார்வைக் கோளாறு என்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண்ணில் ஒன்றுமில்லை. வலது கைதான் நடுங்கியது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க ஃபிட்டராக இருந்துவிட்டு அண்ணனூரில் ஓய்வாக இருக்கிறவன் நான். கை நடுங்குகிறது என்று ஒப்புக்கொள்ளப் பல மாதம் ஆனது.

முகப்பேரில் ஒரு நரம்பியல் டாக்டரம்மாவிடம் போனோம். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். பார்க்கின்சன் என்றார் (மூளையில் டோபமின் என்ற பொருள் குறைந்து, அசைவு மெதுவாகி, நடுக்கமும் விறைப்பும் வரும் நோய்). வெளியே வந்ததும் என் மனைவி மல்லிகா, "வா, மொதல்ல காபி குடிக்கலாம்" என்றாள். குடித்தோம்.

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மாத்திரை) தந்தார்கள். அது போதாமல், டோபமினைப் போலவே வேலை செய்யும் இன்னொரு மாத்திரையும் சேர்த்தார்கள். அதன் அளவை ஏற்ற ஏற்ற, கை திரும்பி வந்தது. சட்டைப் பித்தானை நானே போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு மிக்ஸியைச் சரிசெய்து கொடுத்தேன். தெருவே சந்தோஷப்பட்டது. ஆளுக்கொரு மிக்ஸி கொண்டுவந்தார்கள்.

பிறகு நன்றாக ஓடுகிற எங்கள் மிக்ஸியையும் கழற்றினேன். அப்புறம் இஸ்திரிப் பெட்டி, ஃபேன், மறுபடி மிக்ஸி. மாட்டி முடித்த கையோடு திரும்பவும் கழற்றினேன். சாப்பாடு ஆறும். யாராவது கூப்பிட்டால் எரிந்து விழுவேன். அதில் பெரிய இன்பம் ஒன்றுமில்லை. நிறுத்தினால்தான் தாங்க முடியவில்லை. ஆனால் ரிடையர் ஆன ஃபிட்டர் வீட்டில் ஸ்பேனர் சத்தம் கேட்டால் எங்கள் பகுதியில் யாருக்குச் சந்தேகம் வரும்? மல்லிகாகூட, "தொழில் மறக்கலபா இவருக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருட ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர்களையும் திருப்புளிகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் பொரி கடலையோடு அடுக்கினோம். வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் காலையில்தான் எடுப்போம். வேலையில் இருந்த காலத்தில் நான் இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவசர வேலை என்று மேலதிகாரி கெஞ்சியபோதும் முடியாது என்றவன்.

மல்லிகா பக்கத்து வீடுகளுக்குப் பொரி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மிக்ஸி திறந்து கிடந்தது. என் உள்ளங்கை முழுக்கக் குங்குமம்.

"சாமி முன்னால வச்சதையா எடுத்துகினு வந்த?"

நான் நட்டைத் திருகிக்கொண்டே இருந்தேன். அவள் சத்தம் போடவில்லை. எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். "இது தொழில் பழக்கம் இல்ல. உனக்கு இன்னாவோ ஆயிகீது" என்றாள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். பயந்த பிறகும் கை நிற்கவில்லை.

மல்லிகா என்னை மறுபடி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் இதற்குப் பண்டிங் என்று பெயர் சொன்னார் (பயனில்லாத ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது). "உங்க மூளையே அபின் மாதிரி சில பொருள தயாரிக்குது சார்" என்றார்.

"நான் பீடிகூடத் தொட்டதில்லைம்மா."

சிரித்தார். "எல்லார் மூளையும் தயாரிக்குது. எண்டார்ஃபின், என்கெஃபலின்னு பேரு. வலியைக் குறைக்கிறது மட்டும் இல்ல, அசைவைத் தொடங்குறது, நிறுத்துறதுலயும் டோபமினோட சேர்ந்து வேலை செய்யும். ஒரு வேலை முடிஞ்சா ஒரு திருப்தி வருதே, அதுலயும் பங்கு உண்டு. மாத்திரை டோபமினை ஏத்தும்போது இதுங்களும் நிலை மாறுதுன்னு நினைக்கிறாங்க. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நட்டை முடுக்கும்போது போதுமான இறுக்கம் வந்ததும் கைக்கே தெரியும். அந்தப் 'போதும்' எனக்கு வராமல் போயிருந்தது.

இரண்டாவது மாத்திரையைக் குறைக்கலாம் என்றார். குறைத்தால் நடுக்கம் கொஞ்சம் திரும்பலாம். "கையைக் கொடுத்துட்டுத் திருப்பிக் கேக்குறீங்களேம்மா" என்று கோபப்பட்டேன். அந்தக் கையை விட எனக்கு மனசே இல்லை. மிக்ஸி போனால் போகட்டும், பித்தான் போடுகிற கை வேண்டும் என்றிருந்தது.

மல்லிகா டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "கை நடுங்குனா நடுங்கட்டும். பித்தான் நான் போட்டுவுடறேன். சோத்துக்குக் கூப்ட்டா வந்து குந்தற ஆளு வோணும் எனக்கு."

குறைத்தோம். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது ஆபத்து. டாக்டர் சொன்னபடி எனக்குப் படிப்படியாகத்தான் குறைந்தது. அந்த வாரங்களில் மல்லிகாவை நிறையத் திட்டினேன். பிறகு ஒரு நாள் மிக்ஸியைப் பார்த்தேன். அது வெறும் மிக்ஸியாக இருந்தது.

இப்போது கை நடுங்குகிறது. பித்தான் போடுகிற வேலை அவளுடையது. என் பொழுதை மாத்திரை நேரங்கள்தான் பிரிக்கின்றன. ஒரு மாத்திரையின் வேலை தீரும்வரை வேகமாக நடப்பேன், அப்புறம் அடுத்ததற்காகக் காத்திருப்பேன். கடைத்தெருவுக்குப் போய்வர முன்பு ஆனதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. அவசரப்பட எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.

இந்த ஆயுத பூஜைக்கும் ஸ்பேனருக்கு நான்தான் குங்குமம் வைத்தேன். விரல் ஆடி, பொட்டு கைப்பிடி முழுக்க இழுத்துக்கொண்டது. துடைக்கவில்லை. அடுக்கிவைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். எடுக்கத் தோன்றவில்லை.

"சோறு ஆறுது" என்று மல்லிகா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. போய்க் குந்தினேன்.