இரண்டாம் முறை ஒன்றாம் வகுப்பு

ஒன்றாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன். முதல் முறை எல்லாரையும் போல ஐந்து வயதில். இரண்டாம் முறை, ஐந்தாம் வகுப்பு பாஸாகி முடித்த பிறகு. எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் ஐந்தாவது என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கடைசியாக உட்கார்ந்த வகுப்பு எது என்று கேட்டால்தான் சிக்கல். நல்லவேளையாக அப்படி யாரும் கேட்பதில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மா அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, ஓட்டையோ கறையோ இருந்தால் தனியே ஒதுக்கிப் போடுகிற வேலை.

என் தங்கச்சி அந்தக் கம்பெனியில்தான் வளர்ந்தாள். வீட்டில் விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால், கைக்குழந்தையிலிருந்தே அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். வெட்டிப்போட்ட வேஸ்ட் துணிக் குவியல்தான் அவளுக்குத் தொட்டில். மிஷின் சத்தத்தில் பேசப் பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள். மிஷின் ஓடினால் தூங்குவாள், கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழுவாள். நாய்க்குட்டி, பூனைக்குட்டி என்றெல்லாம் சொல்ல வருவதற்கு முன்பே பீஸ், டேமேஜ் என்று சொல்ல வந்துவிட்டது. நான்கு வயதில், யார் மடியில் உட்கார்ந்தாலும் அவர்கள் சட்டையில் பிசிறு தேட ஆரம்பித்துவிடுவாள்.

அந்த ஜூன் மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக முடிவானது. அதே மூச்சில் என்னைக் கம்பெனிக்கு அனுப்புவதாகவும் முடிவானது. அப்பாவுக்குக் கைமடி தேவைப்பட்டது. டெய்லருக்கு எதிரே நின்று, தைக்க வேண்டிய துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிறவனுக்குக் கைமடி என்று பெயர். அப்பா பீஸ் ரேட்டில், எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைக்கிறவர். கைமடி சுறுசுறுப்பாக இருந்தால்தான் அவருடைய மிஷின் ஓடும். வேறு பையனை வைத்தால் பாதி நாள் சொல்லாமல் நின்றுவிடுகிறான் என்று சலித்துக்கொண்டிருந்தார்.

“பத்தாவது படிச்சவனும் கடைசியில இங்கதான் வந்து பீஸ் அடுக்குதான். அஞ்சு வருசம் சுத்தி வாரதுக்கு நேரா வந்தா என்னலே?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குக் குறுக்குச் சந்தைக் காட்டிவிடுவது போலத்தான் சொன்னார்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே கிடையாது. எனக்கும் யாரிடமும் எதையும் கேட்க வாய் வராது, இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் ஆறாம் வகுப்பைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். அங்கே ஒரு பாடத்துக்கு ஒரு வாத்தியார். மணி அடித்தால் ஒருவர் போய் இன்னொருவர் வருவார். ஒரு அறையில் எலும்புக்கூடு ஒன்று நிற்கிறதாம், கையைத் தொட்டால் ஆடுமாம். என்னோடு படித்த பையன் ஒருவனின் அண்ணன் தொட்டிருக்கிறான். எனக்கும் ஒரு தடவை தொட வேண்டும் போலிருந்தது. அதை எப்படி அப்பாவிடம் சொல்வது?

பள்ளிக்கூடம் திறந்த அன்று அம்மா கம்பெனியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு வந்தாள். தங்கச்சியை அங்கே விட்டதும் நான் அம்மாவோடு கம்பெனிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. முழங்காலுக்குக் கீழே தொங்கும் பாவாடையோடு தங்கச்சி குதித்துக்கொண்டுதான் வந்தாள். வகுப்பு வாசலில் நின்றதும் முகம் மாறிவிட்டது. டீச்சர் பிள்ளைகளைக் கண்ணை மூடிக் கைகட்டி உட்காரவைத்திருந்தார். அத்தனை பேர் இருக்கிற இடத்தில் அத்தனை அமைதியை அவள் பார்த்ததில்லை. கரண்ட் போய்விட்டது என்றே நினைத்திருப்பாள். என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதாள்.

டீச்சர் எனக்கும் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்தான். “ஏனுங்க, இவந் தங்கச்சியா இது?” என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்தார். “பையன ஆறாவதுல சேர்த்தியாச்சுங்களா? நல்லாப் படிக்கிற பையனாச்சுங்களே.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “அவுக அப்பா கம்பெனிக்கு வரச் சொல்லுதாக டீச்சர்.”

“இந்த மாசம் முச்சூடும் சேர்த்துவாங்க. ஊட்டுல சொல்லிப் பாருங்க” என்றார் டீச்சர். பிறகு அழுகிற தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தார். “சரி சாமி, அழுகாத. அண்ணனும் கூடவே உக்காந்துக்கட்டும். இன்னிக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டுமுங்க, நாளைக்குச் சரியாப் போயிரும்.”

அம்மா என்னைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள். வேகமாக நடந்து போய்விட்டாள்.

அப்படித்தான் நான் மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். தரையில் கடைசி வரிசையில் சுவரோரமாக. காலை மடக்கினால் முழங்கால் முன்னால் இருக்கிறவன் முதுகில் இடித்தது. பக்கத்தில் இருந்த ஒரு குண்டுப் பையன் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்.

“அண்ணா, நீங்க பெயிலுங்களா?”

“இல்ல.”

“எத்தன வாட்டிங்கண்ணா பெயிலு?”

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. தங்கச்சிதான் எனக்காகச் சண்டைக்குப் போனாள். “எங்க அண்ணன் ஒண்ணும் பெயிலு இல்ல. நீதாம்லே டேமேஜு” என்று கம்பெனிச் சத்தத்தில் கத்தினாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அதற்குப் பிறகு அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. மத்தியானத்துக்குள் அந்தக் குண்டுப் பையனின் காலரிலிருந்து பிசிறு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். அம்மாவுக்குப் பெர்மிஷன் கிடையாது. நேற்று சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தவள்தானே, இன்றைக்கு விட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். வகுப்பு வாசலை மிதித்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் நாளைவிடச் சத்தம் அதிகம். கண்ணீர் வந்ததா என்று நான் கவனிக்கவில்லை. “அட, இன்னிக்குமா கண்ணு?” என்று டீச்சர் என்னை உள்ளே கை காட்டினார். நான் உட்கார்ந்ததும், தண்ணீர்க் குழாயைத் திருகியது போல அழுகை நின்றது.

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. அ, ஆ எழுதத் தெரிந்தவன் அ, ஆ எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது. என் எழுத்து அச்சுப் போல இருந்தது. பலகையைத் தூக்கிக் காட்டி, “அண்ணன மாதிரி எழுதோணும்” என்று டீச்சர் மற்றவர்களிடம் சொல்வார். காலையில் நடக்கும்போதெல்லாம், இன்றைக்கும் தங்கச்சி அழ வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே போவேன். அவளும் கைவிடவில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது, என்னோடு ஐந்தாவது படித்த பையன்கள் பெரிய பள்ளிக்கூடத்திலிருந்து புது யூனிபார்மில் எதிரே வருவார்கள். நான் சந்துக்குள் திரும்பித் தங்கச்சியின் செருப்பைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்துகொள்வேன். அவர்கள் போன பிறகு முதுகைப் பார்ப்பேன். பையில் எத்தனை கனமாகப் புத்தகம் இருக்கிறது என்று பார்ப்பேன்.

முதல் வெள்ளிக்கிழமை இன்னொரு கூத்து. நாளைக்கு லீவு என்று டீச்சர் சொன்னதும் தங்கச்சி எழுந்து நின்றாள்.

“அப்போ சம்பளம்?”

“என்ன சம்பளம் கண்ணு?”

“வாரச் சம்பளம். நாளைக்குத்தான சனிக்கிழம?”

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கையில் ஒரு புது சாக்பீஸைக் கொடுத்து, இந்த வாரத்துக்கு இதுதான் என்றார். அம்மாவிடம் அதைக் காட்டிப் பெருமையாகச் சொன்னாள். அம்மாவும் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. கைமடி இல்லாமல் அவரே குனிந்து எடுத்து, தைத்து, அடுக்கிக்கொண்டிருந்தார். பீஸ் சரியாக ஏறவில்லை என்று கம்பெனி மாஸ்டர் ஏசியிருக்கிறார். “அவ அழுவா, இவன் கூட உக்காருவான். எத்தன நாளைக்கு இந்தக் கூத்து?” என்று சாப்பிடும்போது கேட்டார்.

“பச்சப் பிள்ளதான, இந்த மாசம் போனா சரியாயிரும்” என்றாள் அம்மா, அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே.

ஜூன் முடியச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் அப்பா எங்களுடனே கிளம்பினார். சைக்கிளில் முன்னால் தங்கச்சி, பின்னால் நான். அம்மா முன்னதாகவே வேலைக்குப் போய்விட்டிருந்தாள். அப்பா ஒன்றும் திட்டவில்லை. வழியில் நிறுத்தி எங்கள் இரண்டு பேருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார். அதனால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வகுப்பு வாசலில் நின்றோம். நான் தங்கச்சியைப் பார்த்தேன். அழு, அழு என்று மனது அடித்துக்கொண்டது. அவள் வாயைத் திறந்தாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் உள்ளேயிருந்து குண்டுப் பையன், “இங்க பாரு, எனக்குப் பல்லு உழுந்திருச்சு!” என்று கத்தினான். அவ்வளவுதான். என் சட்டையை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவன் வாய்க்குள் விரலைவிட்டுப் பார்க்கிற அளவுக்குக் கிட்டத்தில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பாப்பா பழகிருச்சுங்க” என்றார் டீச்சர். பிறகு அப்பாவைப் பார்த்து, “பையன ஆறாவதுல சேர்த்தி உடலாமுங்களே. இன்னும் நாள் இருக்குதுங்க” என்றார்.

அப்பா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். படித்தவர்களிடம் பேச அவருக்கும் வாய் வராது. அது எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான். “அடுத்த வருசம் பாப்போம் டீச்சர்” என்றார் கடைசியில்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். தங்கச்சி ஒரு தடவை நிமிர்ந்து, என்னைப் பார்த்து, சந்தோஷமாக டாட்டா காட்டினாள்.

கம்பெனிக்குள் அப்பாவின் பின்னால் நுழையும்போது, செக்கிங் டேபிளில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கத்திரிக்கோல் அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த அக்கா, “மகனும் வந்தாச்சா, இனி ஒங்களுக்கு என்ன கவல!” என்றார். அம்மா அடுத்த பீஸை எடுத்தாள். அன்று முழுவதும் அப்பாவுக்கு எதிரே நின்று எடுத்துக் கொடுத்து, வாங்கி அடுக்கினேன். நன்றாகச் செய்கிறான் என்று மாஸ்டர் சொன்னார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

சாயங்காலம் அப்பா ஓவர்டைம் பார்க்க நின்றுவிட்டார். நானும் அம்மாவும் வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா அழைத்து வந்திருந்தார். அம்மா கூடையைக்கூடக் கீழே வைக்காமல் அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, இன்னைக்கு நீ அழலியா?”

தங்கச்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மறந்துட்டேம்மா. அவனுக்குப் பல்லு விழுந்துட்டுல்லா, அதப் பாக்கப் போயிட்டேன். நாளைக்கு நல்லாச் சத்தமா அழுதுருதேம்மா.”

அம்மா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. என் பக்கம் கையை நீட்டி, என் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் கோபம் வந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அழச் சொல்லி அனுப்புகிற அம்மா எங்கேயாவது உண்டா? தங்கச்சி படிப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அன்று முதல் வேலைக்குப் போகிறவன் நான். இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை வந்துவிட்டது.

“அவள இனிமே அழச் சொல்லாதம்மா. அழுதா படிப்பு வராது” என்றேன்.

அம்மா கையை எடுக்காமல், “சரிய்யா” என்றாள். “இனிமே சொல்ல மாட்டேன்.”