கம்பெனி பஸ்ஸின் டைனமோவும் அக்காவின் முட்டைகளும்: கணியூர் – திருப்பூர் – கணியூர்

தீபாவளிக்கு மறுநாள் திருப்பூருக்கு யாரும் போக மாட்டார்கள். எல்லாரும் அங்கிருந்து ஊருக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள். நான் போனேன், வேறு வழியில்லாததால். சோலார் சிஸ்டத்துக்கு டிசி ஜெனரேட்டர் செய்யப் பழைய ஆல்டர்னேட்டர் தேடித் திருப்பூர்ப் பக்கம் போகும் திட்டம் உங்களுக்கு இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் காரணம். என் அக்கா மகேஸ்வரி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். இப்போது கணியூருக்கு வெளியே தன் வீட்டுக்காரரான மாமாவின் தோட்டத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிறாள். தோட்டத்துக்கு இன்னும் ஈபி கம்பம் வரவில்லை. நான்தான் பேனல் போட்டு, 24 வோல்ட் பேட்டரி வைத்து, இன்குபேட்டரை ஓட வைத்தேன். முதல் முறை வைத்த முட்டை வீணாகிவிட்டது. இரண்டாம் முறை வைத்தது தீபாவளி வாரத்தில் பொரிக்க வேண்டும். சரியாக அந்த வாரம் வானம் மூடிக்கொண்டது.

மழைக்காலத்துக்காக ஒரு டிசி ஜெனரேட்டரும் செய்து வைத்திருந்தேன். பெரிய வித்தையில்லை. கிணற்றடியில் சும்மா கிடந்த ஆயில் இன்ஜின், அதில் பெல்ட் போட்டு இழுக்கும் லாரி ஆல்டர்னேட்டர், அவ்வளவுதான். சாதாரண ஜெனரேட்டர் ஏசி கொடுக்கும். அதைச் சார்ஜர் திரும்ப டிசியாக்கும். எங்கள் இன்வெர்ட்டரில் இருக்கும் சார்ஜர் பொடிசு, நாளெல்லாம் டீசல் குடித்தாலும் பேட்டரி நிறையாது. ஆல்டர்னேட்டர் நேராகப் பேட்டரிக்கே நாற்பது ஆம்பியர் தள்ளும். காலையில் மூன்று மணி நேரம் ஓட்டினால் அன்றைய பாடு முடிந்தது.

தீபாவளிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமா ஒரு சோதனை செய்தார். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் எல்லாரும் செய்வதுதான். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றுவது. வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், நல்லாயிருக்கிறது என்று அர்த்தமாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஆல்டர்னேட்டர் தள்ளும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லையென்றால் வோல்டேஜ் ஒரே எகிறாக எகிறும். அதற்குள் இருந்த ரெகுலேட்டரும் டயோடும் அந்த நொடியே போய்விட்டன.

"இன்ஜின் நல்லாத்தான் ஓடுதுங்க மாப்ள," என்றார் மாமா.

"இன்ஜின் ஓடும் மாமா. கரண்டுதான் வராது."

 அக்கா இன்குபேட்டர் மேல் போர்வையைப் போர்த்திவிட்டு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் வரை, என்றேன். உள்ளே இரண்டு நாளில் பொரிக்க வேண்டிய முட்டைகள். இரவெல்லாம் குளிர்ந்தால் எல்லாம் போச்சு.

6.50 பஸ்ஸில் செத்த ஆல்டர்னேட்டரை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கணியூரிலிருந்து தாராபுரம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு மணிக்கு இறங்கிப் பார்த்தால், ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகள் எல்லாம் பூட்டு. வாடகை ஜெனரேட்டர்க்காரர் போனையே எடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் திருப்பூர், ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம். போகிற வழியில் அக்கா அழைத்தாள். தன் பழைய கம்பெனியில் அந்தோணி என்ற எலக்ட்ரீஷியன் இருப்பார், போய்ப் பார் என்றாள்.

பத்து மணிக்கு நான் பார்த்த திருப்பூரில் சத்தமே இல்லை. நிட்டிங் மெஷின் இரைச்சல் இல்லை, டீக்கடை இல்லை, தெருவெல்லாம் வெடித்த பட்டாசுக் காகிதம். கம்பெனி கேட்டில் ஒருவர் மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தோணி அண்ணன்தான்.

"நீங்க ஊருக்குப் போகலீங்களாண்ணா?"

"எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் தம்பி. தீபாவளிக்கு நான் இங்க காவலுக்கு நிப்பேன், கிறிஸ்துமஸுக்கு இந்த ஊர்க்காரனுவ எனக்குப் பதிலா நிப்பானுவ. இங்க அப்படித்தான் ஓடுது. உங்க அக்கா போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. உள்ள வாங்க."

கடை எதுவும் திறக்காது என்பது அவருக்குத் தெரியும். என்னை நேராகத் தொழிலாளர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸிடம் கூட்டிப்போனார். அதுவும் 24 வோல்ட். என் ஆல்டர்னேட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெல்ட் ஓடும் பள்ளம் ஒரே அளவு. ஆனால் அடுத்தவர் பஸ். அவர் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மகேசு கேக்குதுங்களா? கழட்டிக் குடுத்துருங்க அந்தோணி," என்றது குரல். "திங்கக்கெழமை வெடியால, மொத ரயில்லயே நம்ம ஆளுங்க எறங்குவாங்க. அப்ப பஸ்ஸு ஸ்டேசன்ல நிக்கோணும். அது ஒண்ணுதானுங்க."

பேச்சு முடிந்தது. நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

கழற்றும் முன் சோதித்துவிடலாம் என்று அந்தோணி அண்ணன் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பேட்டரிப் பெட்டியிடம் குனிந்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணா, எங்க மாமாவும் இதத்தாங்க பண்ணுனாரு."

அவர் கீழே கிடந்த என் செத்த ஆல்டர்னேட்டரை ஒரு முறை பார்த்தார். "அப்ப நாம ரெண்டாவது பொணத்தைப் பாக்க இருந்தோம்லா," என்று சிரித்தார். மீட்டர் வைத்துப் பார்த்தோம். 27.8 வோல்ட், சரியாக இருந்தது. இன்ஜினை அணைத்து, அதன் பிறகு வயரைக் கழற்றி, அவரே நட்டுகளை எடுத்தார். உபரியாக ஒரு பெல்ட்டையும் என் பையில் திணித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், இருபது ரூபாய்.

"மடியில என்னங்க, கிரைண்டருங்களா?"

"பஸ் டைனமோங்க."

"எங்க பஸ்ஸோடது இல்லீங்களே?"

மூன்று மணிக்குத் தோட்டம். மாமா வெட்கத்தில் கொஞ்ச நேரம் தள்ளியே நின்றார். பிறகு பெல்ட்டைப் பிடித்துக்கொடுக்க வந்தார். நாலரைக்கு இன்ஜின் இரைய, மீட்டரில் முள் நகர்ந்தது. அக்கா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தாள். சனிக்கிழமையும் மூட்டம்தான், ஓட்டினோம். ஞாயிறு காலை ஓடு விரியும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எல்லாம் பொரிக்கவில்லை. பெரும்பாலானவை பொரித்தன. பதினொரு மணிக்கு வெயிலும் வந்தது, கேலி செய்வதுபோல.

அன்று மதியமே கழற்றி எடுத்துப்போய்ப் பஸ்ஸில் மாட்டிவிட்டேன். திங்கள் காலை அந்தோணி அண்ணன் ஒரு படம் அனுப்பினார். ரயில் நிலையத்துக்கு வெளியே பஸ், படியில் பைகளோடு ஆட்கள். பேட்டரிப் பெட்டி மூடியில் துணிக்குக் குறி போடும் சாக்பீஸால் எழுதியிருந்தார்: "வண்டி ஓடும்போது கழட்டாதே."

போகிறவர்களுக்கு: தீபாவளிக்கு முந்தைய நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம் திருப்பூர் பக்கம் உதிரிபாகம் தேடாதீர்கள். பழைய ஆல்டர்னேட்டரைக் கையோடு கொண்டுபோங்கள், போட்டோவை வைத்துப் பள்ளத்தின் அளவு தெரியாது. மாற்று ரெகுலேட்டர் ஒன்றை இப்போதே வாங்கி வீட்டில் வையுங்கள். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம்: அதிலுள்ள பாதுகாப்பு போர்டு தானாகவே இணைப்பைத் துண்டிக்கும், மாமா செய்த அதே வேலையைச் சொல்லாமல் செய்யும். எங்களுடையது ட்யூபுலர், ஆசிட் பேட்டரி; அதில் அந்த போர்டு கிடையாது.

செய்த உபகாரத்துக்குக் கைமாறாக என்ன செய்வது என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டேன். காசு என்ற பேச்சை எடுக்க விடவில்லை. குஞ்சுகளைக் கொடுக்கலாமென்றால், வைத்துக்கொள்ள அவர் அறையில் இடமில்லை. எனவே அந்த ஊர் வழக்கத்திலேயே ஒரு ஏற்பாடு செய்தோம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் தூத்துக்குடி போகும்போது கேட்டருகே அந்த ஸ்டூலில் அவருக்குப் பதிலாக நான் உட்காருவேன்.