மூடி போட்ட வெயில்

அந்த வருஷம் என் மகளுக்கு மூன்று வயது. வயிற்றுப்போக்கு அவளுக்கு நோயாக இல்லை. உறவுக்காரர் மாதிரி வந்து தங்கிப் போய்க்கொண்டிருந்தது. வந்தால் நாலைந்து நாள் இருக்கும். போகும்போது அவள் கன்னத்தில் மிச்சமிருந்த சதையையும் எடுத்துக்கொண்டு போகும். எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸம்மா ஒருநாள் அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் இப்புடியே போச்சுன்னா புள்ளைக்குத் தாங்காதும்மா. எல்லாம் குடிக்கிற தண்ணிதான்" என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தண்ணீரைக் காய்ச்சலாம். காய்ச்சினேன். விறகடுப்பில் காய்ச்சிய தண்ணீரில் புகை வாடை அடிக்கிறதென்று துப்பினாள். என் கணவருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அவர் சூளைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அதில் எண்ணெய் வாடை. அதையும் துப்பினாள். என் இடுப்பு உயரம்கூட இல்லாதவள் எங்கள் இரண்டு பேரையும் தோற்கடித்தாள்.

நர்ஸம்மாதான் வழி சொன்னார். "நெறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலா எடுத்துக்கோ. லேபிள கிழிச்சிடு. தெளிஞ்ச தண்ணிய நெறப்பி மாடியில படுக்க வச்சிடு. காலையில வச்சா சாயங்காலம் எடு. வெயிலோட வெளிச்சம் கிருமிய கொன்னுடும்."

செலவில்லாத வைத்தியம் என்பதால் எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் விருத்தாசலத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது. கல்யாண மண்டபத்து வாசலில் போய்ப் பாட்டில் பொறுக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீட்டு ஆள் என்றும், பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் நினைத்திருக்க வேண்டும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் கணவர் சிரித்தார்.

"வெளிச்சத்துல கிருமி சாவும்னா, டியூப் லைட்டு போட்டு வுட்டா போதுமே."

சூளைக்காரருக்கு உலகத்தில் ஒரே மருந்து சூடு. பச்சையாக உள்ளே போவது வெந்து வெளியே வர வேண்டும். வேகாதது எதுவும் அவர் கண்ணுக்குப் பொருளே இல்லை. சோறு கொஞ்சம் விறைப்பாக இருந்தால்கூட, "இன்னும் கொஞ்சம் தீ கேக்குது" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், தொழில் ஆலோசனையாகத்தான் சொல்வார்.

எனக்குப் பகலில் பொம்மைக் கம்பெனியில் வேலை. பொம்மைகளுக்குக் கண் எழுதுவேன். பிள்ளையாருக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே பிரஷ்தான். காலையில் பாட்டில்களை மாடியில் படுக்கவைத்து, மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டுக் கிளம்புவேன். அவருக்கு ராத்திரி ஷிப்டு, பகலில் வீட்டில் இருப்பார். சாயங்காலம் நான் திரும்பும்போது பாட்டில்கள் வீட்டுக்குள் வரிசையாக நிற்கும். தொட்டால் நல்ல சூடு.

"வெயிலு நல்லா வேல செய்யுதுங்க" என்பேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஷிப்டுக்குச் சட்டை மாட்டுவார். தோற்றுப்போன மனுஷன், வேறென்ன செய்வார் என்று நினைத்துக்கொள்வேன்.

மகளுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதுவும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில்தான். சொட்டுச் சொட்டாக அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவர் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார்.

வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஆனால் வழக்கம்போல பாட்டில்களை மாடியில் வைத்தேன். உச்சிவெயில் நேரத்தில் நர்ஸம்மா பிள்ளையைப் பார்க்க வந்தார். நான் விடவில்லை.

"நீங்க சொன்ன மாதிரிதானே எல்லாம் செஞ்சேன் சிஸ்டர்? அப்புறம் ஏன் வருது?"

"பாட்டிலு மேல நெழலு ஏதாச்சும் வுழுதா?"

"எங்க மாடியில ஒரு காக்கா ஒதுங்கக்கூட நெழலு கெடையாது. வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மாடியில் நிழல் இல்லை. பாட்டிலும் இல்லை.

தண்ணீர்த் தொட்டி ஓரமாக மண்பெட்டிகள் அடுக்கியிருந்தன. சூளையில் தீயும் கரியும் நேராகப் படாமலிருக்கப் பொருளை உள்ளே வைத்து மூடும் பெட்டிகள் அவை. ஓரம் உடைந்துவிட்டால் கம்பெனியில் ஒதுக்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் அதில் செடி வைப்பார்கள், கோழி அடைப்பார்கள், வாசலுக்குப் படியாகவும் போடுவார்கள். அதனால் பல நாளாக மாடியில் கிடந்த அவற்றை நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். அன்றைக்கு எல்லாப் பெட்டிக்கும் மூடி போட்டிருந்தது. மூடி இடுக்கில் ஈரக் களிமண் பூசியிருந்தது. பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் காவல் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸம்மாவைப் பார்த்ததும் எழுந்தார். முகமெல்லாம் பெருமை.

"வாங்க சிஸ்டர். சும்மா வெயில்ல போட்டா வெதுவெதுன்னுதான் இருக்குது. தூசி வேற அடையுது. அதான் இவ வேலைக்குப் போனதும் நம்ம சூளை முறையில மூடி வச்சிடுறேன். சாயங்காலம்தான் தொறக்கிறது. தொட்டுப் பாருங்க, எம்மாஞ் சூடுன்னு."

நர்ஸம்மா தொட்டுப் பார்த்தார். நகத்தால் களிமண்ணைச் சுரண்டி ஒரு மூடியைத் தூக்கினார். உள்ளே பாட்டில்கள் ஒழுங்காகப் படுத்திருந்தன.

"சூடா இருக்குதுதான். ஆனா கிருமி சாவ இந்தச் சூடு பத்தாதுங்க. வெளிச்சம் படணும். நீங்க இத்தினி நாளா இருட்டுலதானே வச்சிருக்கீங்க."

என் கணவர் பெட்டியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ புள்ள குடிச்சதெல்லாம் பச்சத் தண்ணியா?" என்றார்.

நர்ஸம்மா ஆமாம் என்று தலையசைத்தார். கணவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்தினால் தெருமுனைவரை கேட்கும் குரல் எனக்கு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வதென்று தெரியாமல் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் படுக்கவைத்தேன்.

மறுநாள் சாயங்காலம், நாள் பூராவும் வெயிலில் கிடந்த பாட்டில் ஒன்றைத் திறந்து மகளுக்கு டம்ளரில் ஊற்றினேன். அவர் அதை வாங்கித் தானே குடித்துவிட்டார். "மீதிய நாளைக்குக் குடு" என்றார். அன்றைக்கு மட்டும் புகைத் தண்ணீரில் சர்க்கரை போட்டு மகளை ஏமாற்றினோம். அடுத்த நாளும் புதுத் தண்ணீரை முதலில் அவர்தான் குடித்தார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எப்போதும் ஒரு நாள் தண்ணீர் காத்திருக்க வேண்டியதாயிற்று. பாட்டில் பற்றவில்லை. நான் மறுபடியும் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். அவர் தூங்காமல் மாடியில் உட்கார்ந்து, பாட்டில் மேல் படியும் தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த உறவுக்காரர் பிறகு வரவில்லை. மகளுக்குக் கன்னம் வைத்தது. அப்போதும் அவர் முதல் டம்ளரை விடவில்லை. ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, வூட்டுல கொழாத் தண்ணி இருக்குது. புள்ளைக்குன்னு வச்சத நீங்க ஏன் குடிக்கிறீங்க?"

"புது மண்ணு வந்தா என்னா செய்வோம்? ஒரு துண்டு சுட்டுப் பாத்துட்டுதானே சரக்கு ஏத்துவோம்" என்றார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு வந்தா தாங்கிக்குவேன். அதுக்குத் தாங்காது."

குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடித்து வளர்ந்த மனுஷன் அவர். அதில் வராதது இந்த டம்ளரில் மட்டும் எப்படி வரும் என்று கேட்டிருக்கலாம். மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.