பஸ்ஸில் கேட்ட மூன்றாவது கேள்வி

என் அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நின்றுகொண்டே ஈரம் போகாத படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் தள்ள வேண்டும். மாமா பஸ் டிப்போவில் மெக்கானிக். இவள் வீட்டுக்குள் நுழையும்போது அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார். இருபத்தொரு வருடக் குடித்தனத்தில் வேலை நாளில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிறு ஒன்றுதான் இருவருக்கும் பொது.

மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியே போவார்கள். ஒரு மாதம் அக்கா முறை, பாட்டு நாடகம். மறுமாதம் மாமா முறை, ராக் கச்சேரி. ரசனையில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். டிப்போவில் அவருக்கு 'வால்யூம்' என்றுதான் பெயர். காது கிழியாவிட்டால் அவருக்குப் பாட்டே இல்லை. அக்காவுக்கோ மேடையில் யாராவது அழுதுகொண்டே பாட வேண்டும்.

இதில் ஒரு விதி வைத்திருந்தார்கள். திரும்பும் பஸ்ஸில் ஒருவர் மற்றவரிடம், பார்த்துவிட்டு வந்ததைப் பற்றி மூன்று கேள்வி கேட்கலாம். பதில் தெரியாமல் விழித்தவருக்கு அடுத்த முறை போச்சு. நாடகத்தில் விளக்கை அணைத்தவுடன் மாமா கண்ணையும் அணைத்துவிடுவார். எந்தக் கேள்விக்கும் "அந்தப் பொண்ணு அழுதுச்சு" என்பதுதான் அவர் பதில். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அக்கா ஒரு முறைகூடத் தோற்றதில்லை. கச்சேரியில் நாற்காலி கிடையாது. மூன்று மணி நேரம் மைதானத்தில் காதில் பஞ்சோடு நின்று, டிரம்ஸ்காரன் எத்தனை முறை குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான் என்பது வரை எண்ணிக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமையாவது கால் நீட்டிப் படுக்காமல் இது என்ன பிழைப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வருடம் முன்பு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனதே நான்தான். காலில் ரத்தக்குழாய் சுருண்டு வீங்கியிருக்கிறது, நிற்பதைக் குறைக்க வேண்டும் என்றார். வேலையில் எங்கே குறைப்பது? கச்சேரியையாவது விடு, மாமாவிடம் சொல் என்றேன்.

"சொன்னா அவர் போகவே மாட்டார். அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நீ மூச்சு விடாத."

நானும் விடவில்லை. அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் உண்டு. வீட்டில் அவள் காலை மூடிய பைஜாமாவோடே நடமாடினாள். சேர்ந்து இருக்கும் நேரமே கொஞ்சம், அதில் அவர் எங்கே காலைப் பார்ப்பது?

போன மாதம் அக்கா முறை. மதியக் காட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அடுத்த மாதம் மாமா பள்ளிக்கூட நாளிலிருந்து உயிரை விடுகிற ராக் குழு முதல் தடவையாக எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தது. டிக்கெட் இரண்டும் வாங்கியாகிவிட்டது. அதை மனதில் வைத்து, அன்றைக்குத் தூங்கிவிடக் கூடாதென்று வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு வந்திருந்தார் மாமா.

ஒரு பேக்கரிக்காரியை மூன்று பேர் பெண் கேட்டு வரும் கதை. இரண்டாவது பாட்டிலேயே அக்கா தூங்கிவிட்டாள். ஆறு நாள் நின்ற உடம்பு, மெத்தை நாற்காலி கிடைத்ததும் சாய்ந்துவிட்டது. நான் எழுப்பக் கையை நீட்டினேன். மாமா வேண்டாம் என்று தலையசைத்தார்.

தூக்கத்தில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை முன் வரிசைக்கு அடியில் நீட்டியிருந்தாள். பைஜாமா கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. மேடை வெளிச்சம் கூடியபோது மாமா குனிந்து பார்த்தார். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்த பள்ளம், அதற்கு மேலே புடைத்துச் சுருண்ட நீல நரம்பு. வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து நாடகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நாடகத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். கடைசி வரை கண்ணை மூடவில்லை.

கைதட்டலில் விழித்த அக்கா தானும் தட்டினாள். ஆனால் விளையாட்டில் அவள் ஏமாற்றுகிறவள் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததுமே, தான் தூங்கிவிட்டதாகச் சொல்லி, கேள்வியைக் கேட்கச் சொன்னாள். அவள் முறை போனால் தொடர்ந்து கச்சேரிதான். மூன்று மாதம் மைதானத்தில் நிற்க வேண்டும். நான் பின் சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தேன்.

மேடைத் திரை என்ன நிறம் என்று கேட்டார் மாமா. சிவப்பு என்றாள். அவளுக்கு வலது பக்கம் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்து, "நீங்கதான்" என்று சலித்துக்கொண்டாள்.

"கால் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"பதில் சொல்லு. மூணாவது கேள்வி."

"ரெண்டு வருஷமா."

இரண்டு வருடத்தில் எத்தனை கச்சேரி என்று மாமா மனதுக்குள் கூட்டியிருப்பார். நானும் கூட்டினேன். இரண்டு நிறுத்தம் கடந்துபோனது.

"மூணும் சரி," என்றார். "இதையே நீ என்னைக் கேட்டிருந்தா எனக்குப் பதில் தெரிஞ்சிருக்காது. அதனால போனது என் டர்ன்தான். அடுத்த மாசமும் நாடகம்."

"அந்தக் குழு திரும்ப எப்ப வருமோ. நீங்களாவது போய்ட்டு வாங்க."

"தனியாப் போறதுக்கா இத்தனை வருஷம் போனோம்?"

அவர் தோள்பையைக் கீழே வைத்து அவள் பாதத்துக்கு அடியில் தள்ளினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த பேக்கரிக்காரி கடைசியில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கேட்டாள்.

"இரு, முதல்ல இருந்து சொல்றேன்," என்றார் மாமா. எங்கள் நிறுத்தம் வரும்வரை ஒரு பாட்டு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.